வலிப்புக்கு ஊசி எழுதித் தந்தால் என்ன செய்வது: சீட்டைப் படிப்பது முதல் மாத்திரைக்கு மாறுவது வரை

ஐப்பசி அடைமழை. ராத்திரி பத்தரை மணி. ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலின் ஷட்டரை இறக்கப் போகும்போது, தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் நனைந்தபடி ஓடி வந்தார். அவர் தம்பிக்கு வலிப்பு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் ஊசி போட்டும் முழுசாக நிற்காததால் அடுத்த ஊசியை வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தது, எட்டு பாட்டில் என்று எழுதியிருந்தது. எங்கள் கடைக்கு முன் நாலு மெடிக்கல் ஏறி இறங்கியிருக்கிறார். எல்லாரும் "அது இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து லெவெடிராசெட்டம். அந்த நாலு கடைகளில் இரண்டிலாவது அது இருந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இல்லாமல் போனது அந்தப் பெயர் மட்டுமே. டூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் அனுப்புங்க" என்றார். முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது. வலிப்பில் முக்கால் மணி நேரம் என்பது சின்ன விஷயமே இல்லை.

அந்த ராத்திரிக்கு அப்புறம், வலிப்பு நோயாளி இருக்கும் எந்த வீட்டுக்காரர் வந்தாலும் ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எந்த ஊசி, எவ்வளவு என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அந்த ஊசி தாமதமில்லாமலும் சரியாகவும் வந்து சேர வீட்டார் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கடிகாரம்

வலிப்பு தொடங்கியதும் மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம்தான் கணக்கு. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. உடனே 108. அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரக்கூடும். முதல் தடவை வந்த வலிப்பு, கர்ப்பிணிக்கு வந்தது, தண்ணீரில் வந்தது, தலையில் அடிபட்டு வந்தது என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, செருப்பை முகர வைப்பது, பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போன கதை உண்டு. தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

வள்ளத்திலோ விசைப்படகிலோ வந்தால் ஓரத்திலிருந்தும் இன்ஜினிலிருந்தும் நகர்த்தி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒருக்களிக்க வைத்துவிட்டுக் கரைக்குத் திருப்புங்கள். போன் எடுக்கும் தூரமென்றால் கடலோரக் காவல் படையின் 1554-க்குப் பேசலாம்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கும் சேர்த்துத்தான் ஐந்து நிமிடக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு போவது, நேராகப் பெரிய ஊருக்குப் பறப்பதைவிடப் பல நேரம் நல்லது.

எந்த ஊசி எதற்கு

ஆஸ்பத்திரியில் வலிப்பு ஊசி என்று இரண்டு வரிசை உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் "ஒரு ஊசி போட்டாங்களே, இன்னொண்ணு எதுக்கு?" என்ற பயம் வராது.

முதல் வரிசை, நடக்கிற வலிப்பை உடனே நிறுத்த: லோரசெபம், மிடாசோலம், டயசெபம். லோரசெபத்தைக் குளிரில் வைக்க வேண்டும், மிடாசோலத்துக்கு அது தேவையில்லை. மிடாசோலத்துக்கு இன்னொரு நன்மை, நரம்பு (ரத்தக்குழாய்) கிடைக்காவிட்டால் சதையிலும் போடலாம், மூக்கிலும் அடிக்கலாம். இந்த மருந்துகளின் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் வலிப்பு நிற்காவிட்டாலும், நின்றது திரும்ப வராமலிருக்கவும் இரண்டாம் வரிசை தேவைப்படுகிறது.

இரண்டாம் வரிசையில் முக்கியமாக நான்கு: ஃபெனிட்டாயின், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம். எப்டாயின் என்று நம் பக்கம் பேர் சொல்லிக் கேட்பது ஃபெனிட்டாயினைத்தான். 1938-இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் பழைய மருந்து. லெவெடிராசெட்டம் பெல்ஜியத்தின் யூசிபி கம்பெனி கொண்டு வந்தது. அமெரிக்காவில் மாத்திரைக்கு 1999-இலும் ஊசிக்கு 2006-இலும் அனுமதி கிடைத்தது. அங்கே அதன் பெயர் கெப்ரா. நம் ஊரில் லெவிபில், லெவெரா என்று பல பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஒரே மருந்துதான்.

இந்த நான்கில் எது உயர்ந்தது என்று கேட்காதவர்களே இல்லை. 2019 நவம்பரில் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் ஊசிக்கு நிற்காத வலிப்போடு வந்தவர்களுக்கு லெவெடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் மூன்றையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 47, 45, 46 சதவீதம் பேருக்கு ஒரு மணி நேரத்தில் வலிப்பு நின்றது. அதாவது மூன்றும் சமம். விலை கூடிய ஊசி என்பதால் கூடுதலாக நிறுத்திவிடாது. ஆளைப் பொறுத்துத்தான் தேர்வு. கர்ப்பமாகும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். இதய நோய் இருந்தால் ஃபெனிட்டாயினுக்கு யோசிப்பார்கள். லெவெடிராசெட்டம் பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறும், அதனால் கிட்னி பாதிப்பு உள்ளவருக்கு அளவைக் குறைப்பார்கள். ஆகவே டூட்டி டாக்டர் கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்று: கர்ப்பமா, இதய நோய் உண்டா, கிட்னிக் கோளாறு உண்டா.

ஐந்து மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கோ, பிரசவமான சில நாளிலோ வலிப்பு வந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் ரத்தக் கொதிப்பால் வருவது. அதற்கான மருந்து மெக்னீசியம் சல்பேட், மிக மலிவான பழைய ஊசி. "கர்ப்பிணி" என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சீட்டு கையில் வந்ததும்

நகரும் முன் நர்ஸிடமோ டாக்டரிடமோ ஒரே ஒரு கேள்வி: "இதில் இருக்கிற மருந்தின் பெயர் என்ன? அதையும் எழுதித் தாங்க." கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் லெவெடிராசெட்டம் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூச்சப்பட வேண்டாம். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. டாக்டர் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றை, உள்ளே இருப்பது அதே மருந்தாகவே இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது என்பது 1945-ஆம் ஆண்டு விதி. அன்று நாலு கடைக்காரர்களும் "இல்லை" என்று சொன்னதில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் "இந்தப் பெயரில் இல்லை, இதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாமா?" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சீட்டில் டாக்டர் அல்லது ஆஸ்பத்திரி நம்பர் இருக்கும், கடையிலிருந்தே பேசலாம்.

எட்டு பாட்டிலா என்று மிரள்பவர்களுக்கு ஒரு கணக்கு. அவசரத்தில் லெவெடிராசெட்டத்தை உடல் எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 60 மி.கி. வரை, அதிகபட்சம் 4500 மி.கி. கொடுப்பார்கள். அறுபது கிலோ ஆளுக்கு 3600 மி.கி. ஒரு பாட்டில் 5 மி.லி., அதில் 500 மி.கி. ஆக ஏழு போதாது, எட்டு வேண்டும். பத்து கிலோ குழந்தைக்கு ஒன்றிரண்டு போதும். எழுதிய எண்ணிக்கை எடைக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். புரியாவிட்டால் கேளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். திறக்காத பாட்டில் மிஞ்சினால் எங்கள் கடை உட்படப் பல கடைகளில் பில்லோடு திரும்ப எடுத்துக்கொள்வோம்.

ஜெனரிக் என்றால்

எங்கள் கவுண்டரில் அதிகம் கேட்கும் பயம் இதுதான்: "விலை கம்மியா இருக்கே, பவர் கம்மியா இருக்குமோ?"

காப்புரிமைக் காலம் முடிந்த மருந்தை எந்தக் கம்பெனியும் அனுமதி வாங்கித் தயாரிக்கலாம். அப்படி வருவதே ஜெனரிக். நம் நாட்டில் அதற்கும் ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பெயர் வைத்து விற்பதால், பெயர் வைத்ததெல்லாம் ஒரிஜினல், பெயர் இல்லாதது ஜெனரிக் என்ற தப்பெண்ணம் வந்துவிட்டது. கடையில் நீங்கள் பெயர் சொல்லி வாங்கும் லெவெடிராசெட்டம் பெரும்பாலும் ஜெனரிக்தான், பெயர் சூட்டிய ஜெனரிக்.

மாத்திரையில் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. வயிற்றில் கரைந்து, குடலில் ஏறி, ரத்தத்துக்குப் போக வேண்டும். கரையும் விதத்தில் கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வேறுபாடு இருக்கலாம். ஊசியில் இந்தக் கேள்வியே இல்லை. பாட்டிலில் இருப்பது நேரே நரம்புக்குள் போகிறது. 500 மி.கி. என்றால் 500 மி.கி. ரத்தத்தில் சேர்கிறது. ஊசியில் கவனிக்க வேண்டியது வேறு: கிருமி நீக்கம் சரியாக இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும், தூசு துகள் இருக்கக் கூடாது. இவை கம்பெனிப் பெயரைப் பொறுத்தவை அல்ல, தயாரிப்பு ஒழுங்கைப் பொறுத்தவை. மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் ஐ.பி. என்று இருந்தால் இந்திய மருந்தியல் நூல் சொல்லும் தரத்துக்குக் கட்டுப்பட்டது என்று பொருள்.

அப்புறம் இதையும் யோசித்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் நம்மவர்களுக்கு நாள்தோறும் போடுவது என்ன? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-இலிருந்து மூலப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தரம் பரிசோதித்து மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அந்தப் பாட்டில்கள் எல்லாமே ஜெனரிக். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மதுரைக்கு ஓடுவது எத்தனையோ குறைந்தது. அங்கே வலிப்பு நின்று வீடு திரும்புகிறவர்களும் இந்தப் பெயரில்லாப் பாட்டிலில்தான் குணமாகித் திரும்புகிறார்கள்.

விலையைப் பற்றி என் தொழிலில் இருந்துகொண்டே ஒன்று சொல்ல வேண்டும். ஜெனரிக் என்று கொடுத்துவிட்டு அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையே முழுசாக வாங்கினால் அந்த மலிவு உங்களுக்கு வந்து சேரவில்லை. ஜெனரிக்கில் அச்சிட்ட விலைக்கும் கடை வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். "குறைத்துத் தாங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. லெவெடிராசெட்டம், ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் மூன்றும் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பவை. பட்டியலில் உள்ள வடிவத்துக்கும் அளவுக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கும். அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது.

பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்ப்பது

பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், அரை நிமிடம் போதும். மருந்தின் பெயர் சீட்டோடு பொருந்துகிறதா? கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இலிருந்து விதி, அதனால் தேடுவது கஷ்டமில்லை. மி.லி.க்கு 100 மி.கி. என்று இருக்கிறதா? காலாவதித் தேதி, மூடியின் சீல், விரிசல். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ மிதக்கும் துகளோ இருந்தால் வேண்டாம். லெவெடிராசெட்டத்துக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது.

சில கம்பெனிகள் 100 மி.லி. பாட்டிலில் கலந்தே விற்கின்றன. சீட்டில் எது என்று பார்த்து வாங்குங்கள், விலையும் அளவும் மாறும்.

ஊசி ஏறும்போது பக்கத்தில் இருப்பவர்

லெவெடிராசெட்டத்தை நார்மல் சலைனிலோ குளுக்கோஸிலோ கலந்து சுமார் கால் மணி நேரத்தில் ஏற்றுவார்கள். பெரிய தொல்லை இருக்காது, தூக்கமும் மயக்கமும் இருக்கும்.

ஃபெனிட்டாயின் என்றால் கண்ணை எடுக்காதீர்கள். அது கடுங்காரமான மருந்து. நார்மல் சலைனில் மட்டுமே கலக்க வேண்டும், குளுக்கோஸில் கலந்தால் படிகமாகப் படிந்துவிடும். வேகமாகவும் ஏற்றக் கூடாது, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.தான் உச்சம். அறுபது கிலோ ஆளுக்கு வழக்கமாகக் கணக்கிடும் 1200 மி.கி., அதாவது 100 மி.கி. ஆம்பூல் பன்னிரண்டு, ஏறக் குறைந்தது 24 நிமிடம் ஆகும். வேகம் கூடினால் ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் மானிட்டர் மாட்டுகிறார்கள். "சீக்கிரம் ஏத்துங்க சிஸ்டர்" என்று அவசரப்படுத்தாதீர்கள். ஊசி குத்திய இடம் எரிகிறது, வீங்குகிறது, கை ஊதா நிறமாக மாறுகிறது என்றால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே பாதிக்கும்.

ஃபாஸ்ஃபெனிட்டாயின் இந்த எரிச்சலைக் குறைக்க வந்தது. உடம்புக்குள் போய் ஃபெனிட்டாயினாக மாறும், வேகமாகவும் ஏற்றலாம். விலை கூடுதல். அதன் 75 மி.கி., ஃபெனிட்டாயினின் 50 மி.கி.க்குச் சமம் என்பதால் கணக்கில் குழப்பம் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு மருந்துகள். ஒரே மருந்துக்கு இரண்டு கம்பெனி என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

லெவெடிராசெட்டத்தில் ஒரு வசதி, ஊசியில் எத்தனை மி.கி.யோ மாத்திரையிலும் அத்தனையே. வாந்தியால் மாத்திரை தங்காத நாளிலோ, ஆபரேஷனுக்குப் பட்டினி இருக்கும் நாளிலோ அதே அளவை ஊசியாகக் கொடுத்துவிட்டு மறுபடி மாத்திரைக்கு வருவார்கள். ஆகவே எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை மக்கள் மருந்தகத்தில் மூலப்பெயரிலேயே கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. அதில் சரியான அளவுக்கும் அதிக அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகல். ஜெனரிக் வாங்கலாம், ஒரே கம்பெனியின் ஜெனரிக்காகத் தொடருங்கள். மாற்ற வேண்டிவந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

லெவெடிராசெட்டத்தில் சிலருக்குக் கோபம், எரிச்சல், மனச்சோர்வு வரும். "ஊசி போட்டதிலிருந்து ஆளே மாறிட்டான்" என்று வீட்டில் சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்தினால் அடுத்த வலிப்பு முன்னதைவிடக் கடுமையாக வரலாம்.

வலிப்பு திரும்பி வர முக்கியக் காரணம் வேளை தவறுவதுதான். இந்த மருந்து பெரியவர் உடம்பில் ஏழு மணி நேரம் போலப் போனால் பாதியாகிவிடும். கடலில் தங்கலுக்குப் போகிறவர் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் நான்கு வேளை போச்சு. அட்டையை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நனையாத டப்பாவில், இன்ஜின் சூடு படாத இடத்தில் வையுங்கள். கூட வருகிறவர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு முழுசாகக் கட்டுக்குள் வரும்வரை கடலுக்குப் போகக் கூடாது, பாசி எடுக்க முங்கவும் கூடாது. வருமானம் போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தண்ணீருக்குள் வரும் வலிப்புக்கு ஒரு நிமிடமே அதிகம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து நோன்புக்கு முன் வந்து கேட்பார்கள். நோன்பு நேரம் இங்கே பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். சஹருக்கும் இஃப்தாருக்கும் இரு வேளை என்று மாற்ற முடியுமா, நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. ஏர்வாடிக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களும் அப்படித்தான், மனசு நிறையத் துஆ கேளுங்கள், மாத்திரை அட்டையும் பையில் இருக்கட்டும்.

ஊசியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், அதை வீட்டில் போட முடியாது. அடிக்கடி நீண்ட வலிப்பு வருகிறவருக்கு வீட்டில் வைக்கக்கூடியது மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே. சீட்டு இல்லாமல் கிடைக்காது, எத்தனை தடவை அடிப்பது என்பதை டாக்டர் வயதும் எடையும் பார்த்துச் சொல்வார்.

ஒரு துண்டுக் காகிதம்

தங்கச்சிமடத்துக்காரரின் தம்பி இப்போது மாதாமாதம் எங்கள் கடைக்கு வருகிறார். அவர் பர்ஸில் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறார், நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் இருப்பது: பெயர், எடை, சாப்பிடும் மருந்தின் மூலப்பெயர், எத்தனை மி.கி., எந்தெந்த நேரம், கிட்னி இதயக் கோளாறு இல்லை, ஃபெனிட்டாயின் ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பு வந்தது, அண்ணன் போன் நம்பர்.

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். நம் ஊர்க் கம்பெனிப் பெயரை அங்கே சொன்னால் யாருக்கும் புரியாது. லெவெடிராசெட்டம் என்ற பெயர் துபாயிலும் அதே, கோலாலம்பூரிலும் அதே. டாக்டர் கையெழுத்திட்ட ஆங்கிலச் சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள். குளோபசாம், குளோனசெபம், ஃபீனோபார்பிடோன், மிடாசோலம் பயன்படுத்துகிறவர்கள் கிளம்பும் முன்பே அந்த நாட்டு விதியை ஏஜென்ட் மூலமோ தூதரகம் மூலமோ கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அவை கட்டுப்பாட்டு மருந்துகள், சீட்டு இருந்தாலும் ஏர்போர்ட்டில் நிறுத்துவார்கள்.